வாசகர் கேள்வி பதில்: மலை சைக்கிளில் தாவக் கற்பது எப்படி?

மலை சைக்கிளோடு தாவுவது பற்றியும், அதற்கு நல்ல கோச்சைக் கண்டுபிடிப்பது பற்றியும் வந்த கேள்விகள் இந்த இதழில். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டோம். பதிலில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சில: சைக்கிள் ஏறும் வளைவு ஏறுமுகம், அதன் மேல் நுனி லிப், நடுவில் தட்டையாக இருப்பது மேசை, மேசை முடிந்து சரிவு தொடங்கும் முனை நக்கிள், அதற்கடுத்தது இறங்குமுகம். இப்படி மேசை வைத்துக் கட்டிய மேடுதான் டேபிள்டாப். மேசை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பள்ளம் இருந்தால் அது கேப்.

சின்ன டேபிள்டாப்பில் தாவினாலே முன்சக்கரம் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்குகிறது. ஹேண்டில்பாரை நன்றாக இழுத்துப் பார்த்தேன், அப்போது பின்சக்கரம் மேசையில் இடிக்கிறது. எங்கே தவறு?

உங்கள் காலில். கையை எவ்வளவு திருத்தினாலும் இது சரியாகாது.

லிப்பில் நடப்பதைக் கொஞ்சம் மெதுவாக்கிப் பாருங்கள். உங்கள் சைக்கிளின் இரண்டு சக்கர அச்சுகளுக்கும் நடுவே ஏறக்குறைய 1.2 மீட்டர் இருக்கும். 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், முன்சக்கரம் லிப்பை விட்டுக் கிளம்பியதற்கும் பின்சக்கரம் கிளம்புவதற்கும் இடையே ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம். அந்த இடைவெளியில் முன்சக்கரத்துக்குக் கீழே தரை கிடையாது. பின்சக்கரத்தையோ மேடு இன்னும் மேலே உதைத்துக்கொண்டிருக்கிறது. இதை அப்படியே விட்டால் சைக்கிள் முன்பக்கமாகக் கவிழத்தான் பார்க்கும். கால் விறைத்திருந்தால் அந்த உதை நேராக உடம்புக்கு ஏறி ஆளை முன்னால் தள்ளும். பயத்தில் முழங்கால் தளர்ந்து மடங்கினால் உடம்பு மேலே எழாது, எடை முழுவதும் கைக்குப் போகும், மூக்கு இறங்கும். ஹேண்டில்பாரை இழுத்தால் இடுப்பு பின்னுக்குப் போய் எடை பின்சக்கரத்தில் உட்கார்ந்துவிடும். முன்பக்கம் மட்டும் எழும்பும், பின்பக்கம் தரையோடு ஒட்டியபடி வந்து நக்கிளில் மோதும்.

சரியான வரிசை இது. மேட்டுக்கு ஐந்தாறு மீட்டர் முன்பே மிதிப்பதை நிறுத்திவிடுங்கள். சீட் முழுக்கக் கீழே. பெடல் இரண்டும் தரைக்கு இணையாக, குதிகால் லேசாக இறங்கியபடி. பிரேக்கில் ஒரு விரல் இருக்கலாம், ஆனால் அழுத்தம் கூடாது. ஏறுமுகத்தின் அடியில் முழங்காலும் முழங்கையும் மடிந்து, நெஞ்சு ஹேண்டில்பாருக்கு அருகே தாழ்ந்திருக்க வேண்டும். சக்கரம் வளைவுக்குள் நுழைந்ததும் உடம்பு கனப்பதுபோல் இருக்கும். அந்தக் கனம் தெரிந்த இடத்திலிருந்து இரண்டு காலாலும் மேட்டை அழுத்தத் தொடங்குங்கள். வெடுக்கென்று உதைக்காமல், எடைபார்க்கும் இயந்திரத்தின் முள்ளைச் சீராக ஏற்றுவதுபோல் அழுத்த வேண்டும். முன்சக்கரம் லிப்பைத் தொடும்போது நெஞ்சு நிமிர்ந்துகொண்டிருக்கும், ஹேண்டில்பார் தானாகவே இடுப்பை நோக்கி எழும்பும். அதைத் தடுக்காதீர்கள், அவ்வளவுதான் கையின் வேலை. பின்சக்கரம் லிப்பை விடும் கணத்தில் கால் ஏறக்குறைய நேராகியிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் காற்றில் செய்ய அதிகம் இல்லை. முழங்காலைத் தளர்த்தினால் சைக்கிள் உங்களுக்கு அடியில் எழும்பி வரும். கண் ஏற்கெனவே இறங்குமுகத்தில் இருக்கட்டும். உச்சியைத் தாண்டியதும் ஹேண்டில்பாரை மெல்ல முன்னால் தள்ளி, சைக்கிளின் சாய்வை இறங்குமுகத்தின் சாய்வோடு பொருத்துங்கள். தரை நெருங்கும்போது காலைக் கொஞ்சம் நீட்டி வையுங்கள், தொட்டதும் மடிப்பதற்கு இடம் வேண்டுமே.

அழுத்தம் சீக்கிரம் முடிந்துவிட்டால் லிப்புக்கு வருவதற்குள் கால் தீர்ந்துபோயிருக்கும், தாவல் எழும்பாது. தாமதமானால் காற்றை மிதிப்பீர்கள். எது உங்கள் தவறு என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். இறங்குமுகத்தில் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே ‘டப்’பாக விழுந்தால் அளவு சரி. பின்சக்கரம் தனியாக இடித்து, பிறகு முன்சக்கரம் விழுந்தால் இன்னும் இழுக்கிறீர்கள். முன்சக்கரம் வெகு முன்னதாக விழுந்தால் லிப்பில் கால் தளர்கிறது.

தாவலுக்கு நான் தயார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் என்னென்ன பழக வேண்டும்?

மூன்று சோதனைகள் போதும். ஒன்று, பம்ப் ட்ராக்கில், அதாவது சிறு மேடுகள் அடுத்தடுத்து வரும் சுற்றுப்பாதையில், ஒரு சுற்று முழுக்க மிதிக்காமல் வர முடிகிறதா? மேடுகளின் பின்சரிவை அழுத்தி, முன்சரிவில் உடம்பை இலேசாக்கி, அந்த அசைவிலேயே வேகம் எடுக்க வேண்டும். தாவலில் ஏறுமுகத்தை அழுத்தும் அதே கால்தான் இதற்கும் பழகுகிறது. பம்ப் ட்ராக்கைத் தவிர்த்துவிட்டு நேராக டேபிள்டாப்புக்குப் போகிறவர்கள் பின்னால் ஒருநாள் திரும்பி வந்து இதைத்தான் பழகுகிறார்கள்.

இரண்டு, பனி ஹாப், அதாவது முயல் துள்ளல். சமதரையில், நடை வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போகும்போது, இரண்டு சக்கரத்தையும் அடுத்தடுத்துத் தூக்கி ஒரு தடையைத் தாண்டுவது. உடம்பைத் தாழ்த்தி, இடுப்பைப் பின்னும் கீழுமாக வீசினால் கை நீண்டு முன்சக்கரம் எழும். உடனே காலை அழுத்தி எழுந்து நின்று இடுப்பை ஹேண்டில்பாருக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ஹேண்டில்பாரை முன்னால் தள்ளி, கால்விரலைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பெடலைப் பின்னால் வாரினால் பின்சக்கரம் வந்து சேரும். தடைக்குக் காலி அட்டைப்பெட்டி வையுங்கள். செங்கல் வேண்டாம், அட்டை நசுங்கும், செங்கல் நசுங்காது. 10 செ.மீ. உயரத்தில் தொடங்கி, 20 செ.மீ. பெட்டியைப் பத்துக்கு எட்டு முறை தொடாமல் தாண்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

மூன்றாவது சின்ன விஷயம், ஆனால் பலர் தோற்பது இதில்தான். நடைபாதை விளிம்பு உயரமுள்ள ஒரு படியிலிருந்து இரண்டு சக்கரமும் சமமாக விழும்படி இறங்க வருகிறதா என்று பாருங்கள்.

இவை வந்தபின் டேபிள்டாப்புக்குப் போங்கள். முதலில் மேட்டை நடந்து பாருங்கள். பிறகு மெதுவாக உருட்டிக் கடந்து போங்கள், காற்றில் எழும்ப வேண்டாம். அடுத்து அதே வேகத்தில் ஏறுமுகத்தை மட்டும் அழுத்துங்கள். சக்கரம் ஒரு சாண் எழும்பி மேசையிலேயே இறங்கும். மேசை தட்டை என்பதால் இப்போதைக்குச் சிறிய எழும்பல் மட்டும். இப்படி 15, 20 முறை ஒரே மாதிரி வந்தபின் வேகத்தைக் கூட்டி நக்கிளை நோக்கிப் போகலாம். கேப் பக்கம் போவது, அதே நீளமுள்ள டேபிள்டாப்பில் ஒருமுறைகூட நக்கிளில் இடிக்காமல் ஒரு முழு நாள் போனபிறகு.

எவ்வளவு வேகம் வேண்டும்? ஸ்பீடோமீட்டர் வைத்துப் பார்க்கலாமா?

வைக்கலாம், ஆனால் அது காட்டும் எண் ஏமாற்றும். ஏறுமுகத்தின் அடியில் 25 கிலோமீட்டர் வேகம் இருந்து, மேடு 1 மீட்டர் உயரம் என்றால், மிதிக்காமலும் அழுத்தாமலும் லிப்புக்கு வரும்போது வேகம் 19க்குச் சற்று மேல்தான் இருக்கும். மிச்சம் ஏறுவதிலேயே கரைந்துவிடும். பறக்கும் தூரத்தைத் தீர்மானிப்பது லிப்பில் உள்ள வேகம். 30 டிகிரி சாய்ந்த லிப்பை 20 கிலோமீட்டரில் விட்டால், அதே உயரத்தில் வந்து இறங்க ஏறக்குறைய 2.7 மீட்டர், 25 கிலோமீட்டரில் விட்டால் 4.25 மீட்டர். வேகம் கால் பங்கு கூடினால் தூரம் பாதிக்கும் மேல் கூடிவிடுகிறது. ‘கொஞ்சம் வேகமாகப் போ’ என்ற யோசனை ஆபத்தானது என்பது இதனால்தான்.

எண்ணைவிட நம்பகமானது ஒரு அடையாளம். மேட்டை நோக்கி வரும் ஓடுதளம் சரிவாக இருந்தால் அதன் ஓரத்தில் ஒரு கல்லை வைத்து, அங்கிருந்து மிதிக்காமல், பிரேக் பிடிக்காமல் உருண்டு வாருங்கள். தூரம் போதவில்லையா, கல்லை இரண்டு சைக்கிள் நீளம் மேலே நகர்த்துங்கள். வேகம் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கும். மாறுவது உங்கள் அசைவு மட்டும் என்பதால் தவறு எது என்று உடனே தெரியும். மண் ஈரமாக இருந்தாலோ, எதிர்க்காற்று இருந்தாலோ அன்றைக்குக் கல்லின் இடத்தை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

குறைவாகத் தாவினால் நக்கிளில் பின்சக்கரம் இடிக்கும். அதிகமானால் இறங்குமுகத்தையே தாண்டித் தட்டைத் தரையில் விழுவீர்கள். 1 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையில் விழும் இடியோடு ஒப்பிட்டால், 25 டிகிரி இறங்குமுகத்தில் சரியாக விழும்போது இடி பாதிக்கும் கீழே வந்துவிடும். சரிவைத் தவறவிடுவதில் இரண்டு பக்கமும் நஷ்டம்தான்.

என் சைக்கிள் தாவலைத் தாங்குமா? ஷாக்கில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

ஃபிரேமில், பெரும்பாலும் சீட் குழாயிலோ கீழ்க்குழாயிலோ, அல்லது கூடவந்த கையேட்டில், 1 முதல் 5 வரை ஒரு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஏ.எஸ்.டி.எம். எஃப் 2043 என்ற தரநிலையின் பயன்பாட்டு வகை அது. 1 தார்ச்சாலைக்கு. 2 என்றால் 15 செ.மீ. வரை, 3 என்றால் 61 செ.மீ. வரை, 4 என்றால் 122 செ.மீ. வரை தாவலோ விழுதலோ தாங்கும்படி வடிவமைத்தது. 5 அதற்கும் மேல். மலை சைக்கிள் மாதிரியே தோற்றமளித்து 2 என்று எழுதியிருக்கும் வண்டிகள் ஏராளம். டயரின் தடிமனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஷாக்கில் இரண்டு விஷயம். முதலாவது, நீங்கள் ஏறி நின்றதும் அது எவ்வளவு இறங்குகிறது என்பது. முன் ஃபோர்க்கில் மொத்த அசைவில் 15 முதல் 20 சதவீதம், பின் ஷாக்கில் 25 முதல் 30 சதவீதம் இறங்கினால் சரி. இரண்டாவது ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஷாக் திரும்பி எழும் வேகம். மூக்குக் குத்தும் நோய்க்குக் கால் காரணமில்லாவிட்டால் அடுத்த சந்தேகம் இதன்மேல்தான். பின் ரீபவுண்ட் வேகமாக இருந்தால் ஏறுமுகத்தில் அமுங்கிய ஷாக் லிப்பில் வெடித்து எழுந்து ஆளை முன்னால் எறியும். சீட்டில் உட்கார்ந்தபடி நடைபாதை விளிம்பிலிருந்து இறங்குங்கள். ஷாக் அமுங்கி, எழுந்து, அத்தோடு நிற்க வேண்டும். எழுந்தபின் இன்னொருமுறை துள்ளினால் ரீபவுண்ட் திருகை மெதுவாக்கும் பக்கம் ஒரு கிளிக் திருப்பி மறுபடி பாருங்கள். முழுக்க மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதிவையுங்கள்.

கிளம்பும் முன் முன்பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹெட்செட்டில், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் மூட்டில், ‘டக் டக்’ என்று ஆடினால் அன்று தாவல் கிடையாது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் போல்ட் இறுக்கம் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று அதன்மேலேயே அச்சிட்டிருக்கும். கைக்கணக்கில் முறுக்காமல், இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ஸ்பேனரால் முறுக்குங்கள்.

ஷூவைப் பூட்டும் பெடலா, தட்டைப் பெடலா?

கற்கும்போது தட்டை. பூட்டிய காலால் பின்சக்கரத்தைச் சும்மா மேலே இழுத்துவிடலாம். அழுத்தவே கற்க மாட்டீர்கள். மேலே சிறு இரும்பு முனைகள் பதித்த பெடலும், மென்மையான ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூவும் போதும். கூடவே முழங்கால் கணைக்கால் காப்பும் போடுங்கள், வழுக்கிய பெடல் முதலில் தேடி வருவது முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பைத்தான்.

நல்ல கோச்சை எப்படிக் கண்டுபிடிப்பது? சான்றிதழ் இருந்தால் போதுமா?

சான்றிதழ் தொடக்கம்தான். புரொஃபெஷனல் மவுண்டன் பைக் இன்ஸ்ட்ரக்டர்ஸ் அசோசியேஷன், பைக் இன்ஸ்ட்ரக்டர் சர்டிஃபிகேஷன் புரோகிராம், பிரிட்டிஷ் சைக்ளிங் போன்ற அமைப்புகள் பயிற்றுநர்களுக்குப் படிப்படியாகத் தகுதி வழங்குகின்றன. ‘சான்றிதழ் இருக்கிறதா’ என்று மட்டும் கேட்காமல் ‘எந்தப் படி, அதில் தாவல் கற்பிப்பது அடங்குமா’ என்று கேளுங்கள். அடிப்படைப் படியை முடித்தவர் உடல் நிலையையும் திருப்பங்களையும் அருமையாகச் சொல்லித் தரலாம்; தாவல் அவர் படித்த பாடத்திலேயே இல்லாமல் இருக்கலாம். முதலுதவிச் சான்று காலாவதியாகவில்லையா, காப்பீடு உண்டா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல கோச் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்.

பிறகு இந்த ஒரு கேள்வி: ‘முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வோம்?’ சமதரையில் நிற்கும் நிலை, பம்ப், முன்சக்கரம் தூக்குவது, அதற்கப்புறம்தான் சின்ன மேடு என்று பதில் வந்தால் நம்பலாம். ‘நேராக ஜம்ப் லைனுக்குப் போயிடலாம், பயம் போயிடும்’ என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். பந்தயத்தில் ஜெயிக்கிறவர் எல்லாரும் கற்பிக்கத் தெரிந்தவர் இல்லை. சின்ன வயதிலேயே பழகியவருக்குத் தன் கால் லிப்பில் என்ன செய்கிறது என்றே தெரியாமலிருக்கும், பிறகு எப்படிச் சொல்லித் தருவார்?

பணம் கட்டும் முன் அவர் வேறொரு குழுவுக்கு வகுப்பெடுப்பதை அரை மணி நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். ‘ரிலாக்ஸ்’, ‘தைரியமா போ’, ‘இன்னும் வேகம்’ என்ற மூன்று வார்த்தையிலேயே வகுப்பு ஓடினால் பயனில்லை. ‘முன்சக்கரம் லிப்பில் இருக்கும்போது உன் குதிகால் மேலே வந்துவிட்டது, அடுத்த முறை அதை மட்டும் பார்’ என்று சொல்பவர் கோச். ஒரு தடவைக்கு ஒரே திருத்தம். மூன்றைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றும் காலுக்கு இறங்காது. வகுப்பு தொடங்கும் முன் ஒவ்வொருவர் சைக்கிளையும் பிடித்துப் பார்க்கிறாரா, மேட்டை நடந்து பார்க்கிறாரா, உயரம் மாறும் இரண்டு மூன்று மேடுகளாவது வைத்திருக்கிறாரா என்று கவனியுங்கள். தாவல் வகுப்பில் ஒரு கோச்சுக்கு நான்கு பேர் நல்லது, ஆறுக்கு மேல் வேண்டாம். நால்வரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் சலிப்பார், இன்னொருவர் வீம்புக்குத் தாவுவார்.

ஆள் கிடைக்கும் இடம்: மலை சைக்கிள் ஓட்டுவதற்கான பார்க் நடத்துபவர்கள், மேடு கட்டுபவர்கள், அந்தந்தச் சான்றிதழ் அமைப்பின் இணையதளப் பட்டியல். ஒரேயடியாகப் பத்து வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். இரண்டு மணி நேர வகுப்பு ஒன்று, பிறகு இரண்டு மூன்று வாரம் நீங்களாகப் பழகல், மறுபடி ஒரு வகுப்பு. கால் சோர்ந்தபின் அழுத்தம் வராது. ‘கடைசியா ஒரே ஒரு தடவை’ என்று சொல்லிப் போகும் அந்தத் தடவையில்தான் நிறைய எலும்பு உடைகிறது.

என் கோச் ‘என் பின்னாலேயே வா, என் வேகத்தைப் பிடி’ என்கிறார். இது சரியா?

வேகத்தைக் காட்டுவதற்கு இது நல்ல முறைதான், இரண்டு நிபந்தனையோடு. அந்த அளவுள்ள டேபிள்டாப் உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்க வேண்டும். அவர் விழுந்தால் நிறுத்தவோ விலகவோ இடமிருக்கும்படி மூன்று நான்கு சைக்கிள் நீளம் விட்டுத் தொடர வேண்டும். அவர் உங்களைவிட 20 கிலோ கூடுதல் எடை, அல்லது பெரிய சக்கரம் என்றால் உருளும் வேகமும் மாறும். லிப்பில் அவர் உடம்பு செய்வதைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள். அனுபவசாலிகள் உயரம் போகாமலிருக்க வேண்டுமென்றே காலை மடித்து மேட்டை விழுங்குவார்கள். நீங்கள் பழக வேண்டியதற்கு நேர் எதிர் அது.

அருகில் கோச்சே இல்லை. வீடியோ பார்த்துக் கற்கலாமா?

உங்களை நீங்களே எடுத்த வீடியோவைப் பார்த்துக் கற்கலாம். லிப்புக்கு நேர் பக்கவாட்டில், ஐந்தாறு மீட்டர் தள்ளி, இடுப்புயரத்தில் போனை நிறுத்தி, ஸ்லோமோஷனில் நொடிக்கு 120 படமாவது வைத்து எடுங்கள். முன்சக்கரம் லிப்பில், பின்சக்கரம் லிப்பில், உச்சியில் என்று மூன்று இடத்தில் நிறுத்துங்கள். முதல் படத்தில் நெஞ்சு எழுந்துகொண்டிருக்க வேண்டும், இரண்டாவதில் முழங்கால் நேராகியிருக்க வேண்டும், மூன்றாவதில் மடிந்திருக்க வேண்டும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் உடம்பு ஒரே வடிவில் பொம்மை மாதிரி இருந்தால், ஓட்டுபவர்கள் ‘டெட் செய்லர்’ என்று கேலி செய்வது அதைத்தான். விறைத்த உடம்போடு காற்றில் மிதந்து, பக்கவாட்டில் சாய்ந்தாலும் திருத்த முடியாமல் விழும் நிலை. மருந்து பம்ப் ட்ராக்.

பதினோரு வயது மகள் தாவக் கற்க ஆசைப்படுகிறாள். அனுமதிக்கலாமா?

வயதைவிட வண்டியைப் பாருங்கள். பெரியவர்களின் 14 கிலோ சைக்கிளை 30 கிலோ எடையுள்ள குழந்தையால் அசைக்க முடியாது. பனி ஹாப் வராமல் சோர்ந்துபோவாள். அவள் உயரத்துக்கேற்ற இலேசான வண்டி, ஒரே விரலுக்கு எட்டும்படி திருகி அமைத்த பிரேக் லீவர், எடைக்கு ஏற்பக் காற்று குறைத்த ஃபோர்க். முகத்தை மூடும் ஹெல்மெட்டில் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1952 என்ற குறியீடு இருந்தால் மலையிறக்க ஓட்டத்துக்கான சோதனையில் தேறியது. பின்னால் வளர்வாள் என்று பெரிய அளவு வாங்கிவிடாதீர்கள். பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், அத்தோடு போயிற்று.

ஒரு மாதம் முன்பு நக்கிளில் இடித்து விழுந்தேன். காயம் ஆறிவிட்டது, ஆனால் இப்போது லிப்புக்கு வந்ததும் கை தானாகப் பிரேக்கைப் பிடிக்கிறது.

லிப்பில் பிரேக் பிடிப்பது விழுவதற்கு உறுதியான வழி. வேகம் குறைந்து அதே நக்கிளில்தான் மறுபடி இடிப்பீர்கள். அதனால் அந்த மேட்டுக்கு இப்போது போகாதீர்கள். அதில் பாதி நீளமுள்ள டேபிள்டாப்புக்குப் போய், பிரேக்கிலிருந்து விரலை எடுத்துக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு உருட்டிக் கடங்கள். ஓடுதளம் நீளமாக, இறங்கியபின் நிறுத்த நிறைய இடம் உள்ள மேடாக இருக்கட்டும். பத்து முறை உருட்டல், பிறகு பத்து முறை மேசையிலேயே இறங்கும் சிறு எழும்பல். அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த நாள், வேகத்துக்கு அடையாளமாக ஓடுதளத்தில் வைத்த கல்லை இரண்டு சைக்கிள் நீளம் மேலே வையுங்கள். விரல் மறுபடி பிரேக்குக்குப் போனால் கல் பழைய இடத்துக்கே வர வேண்டும்.